மலையேறாத அப்பா

பாணேர்,
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

இதனால் சகலமானவர்களுக்கும் முறைப்படி அறிவிக்கப்படுவது: பூனா நகரம், பாணேர், ஏழாம் மாடியில், நம் இருவருக்கும் பொதுவான அறையில், திருவாளர் கோகுல்நாத் அவர்களின் ஆட்சியில் எட்டு வருடங்களாக இருந்துவந்த ஜன்னலோரக் கட்டில், இன்று காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, ஒரு துளி ரத்தம் சிந்தாமல் சபரி வசம் வந்துசேர்ந்தது. என் நீல ஜெர்சி ஜன்னல் கம்பியில் கொடியாக ஏற்றப்பட்டது. விழாவுக்கு வந்த ஒரே பிரமுகர் ஒரு புறா. அம்மா விழாவைப் புறக்கணித்தாள். உனக்கு எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தாள்.

நீ போனில் பேச மாட்டேன் என்கிறாய். பதினெட்டு ஆகாதவனை உள்ளே விட மாட்டோம் என்கிறது உன் மனநல இல்லம். ஆகவே கடிதம். தபால்காரி அம்மா. பட்டுவாடா புதனும் ஞாயிறும். தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீ சொன்னாயாம். நல்ல யோசனை. அங்கே இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றையும் படிக்க ஆள் இருக்கும். அம்மா ஞாயிறுதோறும் நம்மை உட்காரவைத்து ழகரத்துக்காகக் காதைத் திருகியது இப்படி ஒரு ரகசிய வேலைக்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்?

இனி புகார். மார்ச் மாதத்திலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு ஸ்டூல். யாராவது ஏறி நின்று உன் சூட்கேஸை இறக்குவார்கள், அவ்வளவுதான் என் உபயோகம். பத்தாம் வகுப்பில் 91 சதவீதம் வாங்கினேன். அம்மா "நல்லது கண்ணா" என்றாள். உடனே திரும்பி உன் மாத்திரை டப்பாவில் கிழமை எழுத ஆரம்பித்தாள். ஸ்ரீலக்ஷ்மி அத்தை பாளையங்கோட்டையிலிருந்து தினம் போன் செய்கிறாள். "பெரியவன் எப்படி இருக்கான்?" சின்னவன் என்று ஒருவன் இருப்பதை ஊரே மறந்துவிட்டது.

உனக்கு வந்த நோய்க்கும் பார், எவ்வளவு பெரிய பெயர்! ஸ்கிஸோஃப்ரினியா. ஒரு மூச்சில் சொன்னால் பரிசு தரலாம். எனக்கு இதுவரை வந்ததெல்லாம் சளி.

இப்படிக்கு,
கட்டில் வேந்தன் சபரி


ஹடப்சர்,
11 ஜூன்

டேய் சபரி,

கட்டிலை எடுத்துக்கொள். ஜன்னலின் இடது மூலை ஒழுகும். மழை வந்தால் தலையணையை இந்தப் பக்கம் மாற்றிவிடு.

போன் பேசாதது கோபத்தால் இல்லை. போனில் வரும் குரலையும் போன் இல்லாமல் வரும் குரலையும் பிரித்துப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாது. படித்தால் அதில் நீ மட்டும் இருக்கிறாய். நிம்மதியாக இருக்கிறது.

உனக்கு யாரும் நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து எனக்கு அப்பா குரல் கேட்கிறது. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன நம் அப்பா சந்தானம்தான். ஆரம்பத்தில் பயமே இல்லை. "ஏல, ஈரத் துண்டக் கட்டில்ல போடாதல." "வயித்துக்குப் போட்டுட்டுப் போ." "பூட்ட இன்னொருக்கா இழுத்துப் பாரு." அவர் உயிரோடு இருந்தபோதும் இதைத்தானே சொல்வார்? அப்புறம் பூட்டை மூன்று தடவை இழுக்கச் சொன்னார். பிறகு நாற்பது தடவை. லிஃப்ட் வரை போய்த் திரும்பி வருவேன். ஆபீஸ் நின்றுபோனது அப்படித்தான்.

என் அறையில் கிறிஸ்டோபர் என்று ஒருவர் இருக்கிறார். பூனா கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். பேசுவார், எழுத்து தெரியாது. நாலு வருஷம் அமெரிக்காவில் தனியாக இருந்து வேலை பார்த்தவர். அங்கே அவருக்குக் கேட்டதெல்லாம் முகம் தெரியாதவர்கள். அடி, குத்து, உன் மூளைக்குள் கம்பி வைத்திருக்கிறோம், இப்படி. அவர்கள் சொன்னபடி நடந்து அங்கே ஜெயிலுக்கும் போயிருக்கிறார். ஊர் திரும்பி அம்மாவோடு இருக்க ஆரம்பித்த பிறகு நடுவில் புதிதாக ஒரு குரல்: "மழ வரும்போல, குட எடுத்துக்கிட்டியா?" தன் அம்மா குரல் என்கிறார். "உனக்குக் குடுத்து வச்சிருக்குடா. எனக்கு ஆரம்பத்துலயே அம்மா வந்திருந்தா நான் ஜெயிலுக்கே போயிருக்க மாட்டேன்" என்றார்.

91க்கு வாழ்த்து. மெய்யாகவே.

கோகுல்


பாணேர்,
15 ஜூன்

அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். துண்டு, பூட்டு, குடை எல்லாம் இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா?

சிரிக்காதே. உனக்கு அப்பாவோடு பத்து வருஷம் இருந்த அனுபவம் உண்டு. எனக்கு மூன்று. அதிலும் பாதி நேரம் நான் தூங்கியிருப்பேன், மீதி நேரம் அழுதிருப்பேன். அவர் முகம் சுவரில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. அம்மாவின் பழைய போனில் என் முதல் பிறந்தநாள் வீடியோ ஒன்று இருக்கிறது, ஒன்பது விநாடி. படம் எடுப்பது அப்பா. கேக், நான், என் மூக்கு, கடைசியில் ஒரு இருமல். அந்த இருமல்தான் எனக்கு அப்பா. அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன் தெரியுமா? ஈரமான இருமல். நடுவில் ஒரு மேடு இருக்கும்.

உனக்கோ ஹோம் டெலிவரி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. செத்த பிறகும் உனக்குத்தான் செல்லம். நோயிலும் முன்னுரிமை பெரியவனுக்கா? நான் என்ன, அப்பாவின் வெயிட்டிங் லிஸ்ட்டா?

உண்மையை எழுது. கேட்டாரா?

சபரி


ஹடப்சர்,
25 ஜூன்

சபரி,

பண்டர்பூருக்குப் போகும் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலத்துக்காகச் சாலையை மறித்துவிட்டதால் அம்மா ஞாயிறு வரவில்லை. அதனால் தாமதம்.

கேட்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டார் என்று எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். கேட்காததைக் கேட்டதாகச் சேர்க்கக் கூடாது, கேட்டதை மறைக்கவும் கூடாது என்பது டாக்டர் ரோஹிணி எனக்குப் போட்ட ஒரே விதி. மன்னித்துக்கொள்.

ஞாயிறு பால்கி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. எங்களை மொட்டைமாடியிலிருந்து பார்க்க விட்டார்கள். வெள்ளைக் குல்லா, தாளம், தலையில் துளசிமாடம் சுமக்கும் பெண்கள், கண்ணுக்கெட்டும் மட்டும் ஜனம். கிறிஸ்டோபர் சும்மா இருக்க மாட்டார். "டாக்டர், இத்தன லட்சம் பேரும் விட்டலோட பேசிக்கிட்டே போறாங்க. இவங்களுக்கெல்லாம் மாத்திரை கிடையாதா?" டாக்டர் சிரித்தார். "பண்டர்பூர் போய்ப் பேசிட்டு வீட்டுக்குத் திரும்பிடுவாங்க, விதைக்கப் போயிடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் திரும்பறதுக்குத்தான் மாத்திரை" என்றார்.

அத்தை அவரிடம் போனில் பேசினாளாம், அம்மாவை மொழிபெயர்க்க வைத்து. "எங்கப்பா சுடலைமாடனுக்கு ஆடினவரு. அவருக்கப்புறம் எங்கண்ணன் ஆடியிருக்கணும், அவன் பூனாவுக்கு வேலைக்கு வந்துட்டான். இப்ப அவனே மவன் மேல இறங்கி வாரான். கோயில் ஆடிக் கொடைக்குப் புள்ளையக் கொண்டாங்க" என்றாளாம். எதிர் வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் பேய் என்று சொல்லி எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டதும் தெரியும். ஒரே தலை, பாளையங்கோட்டையில் சாமியாடி, பாணேரில் பேய், ஹடப்சரில் நோயாளி. டாக்டர் அத்தையைக் கேலி செய்யவில்லை. கொடைக்குப் போகலாம், மாத்திரையோடு போகட்டும் என்றார். என்னிடம் ஒன்று கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது அப்பா குரல் கேக்குதா? உங்க குடும்பத்துல எல்லாருக்கும் சகஜம்னா நான் வேற மாதிரி யோசிக்கணும்." இல்லை, எனக்கு மட்டும்தான் என்றேன்.

மாத்திரையால் அப்பா குரல் தேய்ந்துவிட்டது. பக்கத்து ஃபிளாட் டிவி மாதிரி. சொல்வது புரிவதில்லை, யாரோ இருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

கோகுல்


பாணேர்,
29 ஜூன்

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி.

வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு இருமல். அதே ஈர இருமல், நடுவில் மேடு. அப்புறம் சத்தமாக: "ஏல சின்னவனே, அப்படி அழுத்தித் தேய்க்காதல, ஈறு போயிரும்!"

கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை. வாய் நிறைய நுரையோடு "அப்பாவா?" என்றேன். "பின்ன யாரு, உங்க கிளாஸ் டீச்சரா?" என்றார்.

ஆம் ஐயா. எனக்கும் கேட்கிறது. அப்பா என்னிடம் போர்ட் ஆகிவிட்டார். பழைய நம்பர், புது நெட்வொர்க்! அன்றிலிருந்து தினமும். 91 வாங்கினதுக்குத் தட்டிக்கொடுத்தார், "நம்ம வம்சத்துல இதுவரைக்கும் எவனும் தொட்டதில்லல" என்று. கட்டில் கைப்பற்றிய வீரத்தையும் பாராட்டினார். எனக்குத் தலைவலி இல்லை, பூட்டு இல்லை, வியாதி இல்லை. கல்லுமாதிரி இருக்கிறேன். அப்பா சுகமாக வருகிறார், பேசுகிறார், போகிறார்.

ஏன் உன்னை விட்டு என்னிடம் வந்தார் என்றும் கேட்டுவிட்டேன். பதில் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "பெரியவனுக்கு மாத்திரயப் போட்டு என் வாய அடைக்காவல. நீயாவது கேக்கியே."

இனி வெயிட்டிங் லிஸ்ட்டில் யார் என்று நீயே யோசித்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பாவின் செல்லம்


ஹடப்சர்,
2 ஜூலை

என் கண்ணு சபரி,

தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது எனக்கு. உனக்கும் கேட்கிறது! உடம்பில் ஒன்றும் இல்லாமல் உனக்கும் கேட்கிறது என்றால் இது நோயே இல்லையே. அத்தை சொன்னதுதான் சரி. டாக்டரே சொன்னாரே, குடும்பத்தில் இன்னொருவருக்கும் கேட்டால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும் என்று.

அவரிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை. உன்னையும் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது?

அப்பாவின் வாயை அடைத்தது நான்தான் என்று தெரிந்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நேற்றிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை என் நாக்குக்கு அடியில் உட்கார்ந்துவிட்டுத் தொட்டிச் செடிக்குப் போய்விடுகிறது. செடி நன்றாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. தமிழில் எழுதுவது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

அப்பாவிடம் சொல், வழியைத் திறந்துவிட்டேன் என்று.

கோகுல்


பாணேர்,
6 ஜூலை

அண்ணா,

இன்று ஆஷாடி ஏகாதசி, எதிர் வீட்டு ஆன்ட்டி ஜவ்வரிசிக் கிச்சடி கொடுத்தனுப்பினார். உபவாசத்தன்றுதான் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

செடி விஷயம் சும்மா சொன்னாய்தானே? எனக்கே டிமிக்கி கொடுக்கிறாயா? ஜோக் என்றால் நல்ல ஜோக். ஜோக் இல்லை என்றால், ஒரு தம்பியாகச் சொல்கிறேன், செடிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது.

நான் இந்தப் பத்தியை மூன்று தடவை எழுதி அடித்தேன். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் நீ என்னை நம்பிச் சொன்னது. ஏன் சொன்னான் என்று அவள் கேட்டால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். இன்று காலை சாதக் கூடையைக் கட்டும்போது, "புதன்கிழமை பெரியவன் முகத்துல எப்படி ஒரு சிரிப்பு! உன் லெட்டர்ல என்னடா எழுதின?" என்று என் தலையைத் தடவினாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக. கையை எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று நெடுநேரம் பேசினோம். அதாவது, அவர் பேசினார், நான் கேட்டேன். மாத்திரையைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது வேறு: அதைச் சாப்பிட்டால் தப்பில்லையாம். இதைச் சேர்த்துக்கொள்.

சபரி


ஹடப்சர்,
13

சபரி,

அப்பா மாறிவிட்டார். துண்டு பற்றிப் பேசுவதில்லை. இப்போது தனியாகவும் வருவதில்லை. கூட ஆட்கள், பெண்குரலும் உண்டு, மராத்தி. எல்லோரும் சேர்ந்து என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசுகிறார்கள். சோற்றில் கை வைத்தால் எடு கையை என்கிறார். குளியலறைப் பக்கம் போகாதே. உட்காராதே. நான் இப்போது நின்றுகொண்டு எழுதுகிறேன்.

கிறிஸ்டோபர் பாதி சோறு ஊட்டினார். துப்பிவிட்டேன்.

உன்னிடம் நன்றாகப் பேசுகிறார் இல்லையா. உனக்குச் செல்லம். நீ கேட்டுச் சொல். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேள். வாயை அடைத்ததுக்கா? அதைத்தான் திறந்துவிட்டேனே. என் சார்பில் நீ ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னால் கேட்பார்.

கேட்டு உடனே எழுது


பாணேர்,
13 ஜூலை, சாயங்காலம்

அண்ணா,

அப்பா என்னிடம் பேசவில்லை. ஒரு நாளும் பேசவில்லை. பல் தேய்த்தது மட்டும் நிஜம். மீதி எல்லாம் புளுகு.

"ஏல"யும் "அடைக்காவல"யும் அத்தை போனில் பேசுவதைக் கேட்டுத் திருடினது. மாத்திரை வாயை அடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுதினேன். உன்னைத் தோற்கடிக்க எழுதினேன். உன்னை அவர் கேட்டார், என்னைக் கேட்கவில்லை, அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் சார்பில் நான் பேச அங்கே யாரும் இல்லை.

கடிதத்துக்குக் குரல் இல்லை என்றாய். இதில் நான் மட்டும்தான் இருக்கிறேன். இதை நம்பு. மாத்திரையைச் சாப்பிடு. உட்கார். அம்மாவிடம் இப்போதே சொல்கிறேன்.

சபரி


பாணேர்,
20 ஜூலை

அண்ணா,

நீ இப்போது எழுத முடியாது என்று அம்மா சொன்னாள். பரவாயில்லை. நான் எழுதுகிறேன், கிறிஸ்டோபரால் தமிழ் படிக்க முடியாதாம், நீ எழுந்து உட்காரும்போது படித்துக்கொள்.

திங்கட்கிழமை டாக்டர் ரோஹிணியின் அறைக்கு என்னை விட்டார்கள், விதிவிலக்காக. நான் சிங்கம் மாதிரி நின்றேன். "குற்றவாளி நானே" என்று நேராக அவர் கண்ணைப் பார்த்து, இந்தியில், ஒரு தடுமாற்றம் இல்லாமல், செடி முதல் ஈறு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாகூட அசந்துபோனாள்.

டாக்டர் திட்டவில்லை. "நீ பொய் சொன்னது தப்பு. ஆனா ஆசைப்பட்டது தப்பில்ல" என்றார். பிறகு அத்தைக்கு ஸ்பீக்கரில் போன். கொடைக்கு இவனைக் கொண்டுவந்தே ஆக வேண்டும், மருந்தால் சாமியைக் கட்டக் கூடாது என்று அத்தை பாளையங்கோட்டையே அதிரும்படி பேசினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா மூலம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அப்பாவுக்குச் சாமி வந்ததே, அப்புறம் என்ன ஆகும்?"

அத்தை சொன்னாள்: "கொட்டு நின்னதும் சாமி மலையேறிரும். அப்பா சொம்பு தண்ணியக் குடிச்சிட்டு, வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டு பந்தியில வந்து உக்காருவாரு. எங்களுக்கெல்லாம் ஊட்டிவிடுவாரு."

அம்மா இதை இந்தியில் சொல்லப் போக, டாக்டர் "மலை ஏறுமா? சிங்ககட் கோட்டை டிரெக்கிங் மாதிரியா?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சாமி ஆளை விட்டுப் போவது என்று அம்மா விளக்கினாள். டாக்டர் போனை அம்மா பக்கம் நகர்த்தினார். பிறகு, "கோகுலுக்கு வந்தது மலையேறுச்சான்னு கேளுங்க. பந்தியில உக்கார விடுதான்னு கேளுங்க" என்றார்.

அம்மா கேட்கவில்லை. அவளால் முடியவில்லை. நீ நாலு நாளாகச் சாப்பிடவில்லை, நின்றுகொண்டே இருக்கிறாய் என்று மட்டும் அத்தையிடம் சொன்னாள்.

  அப்புறம் அத்தை மெல்ல, "சோறு திங்க விடாதது சாமி இல்ல மைனி. எங்கண்ணனும் இல்ல. அவன் யாரையும் பட்டினி போட்டதில்ல. மருந்தக் குடுங்க" என்றாள்.

கொடைக்கு அவள் தனியாகப் போய் உன் பேரில் பொங்கல் வைக்கிறாளாம். பொங்கல் எனக்கும் சேர்த்துத்தானா என்று கேட்கவில்லை. பார், திருந்திவிட்டேன்.

சபரி


ஹடப்சர்,
10 ஆகஸ்ட்

டேய் சபரி,

கை இன்னும் நடுங்குகிறது, மாத்திரையால்தான். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. மூன்று வாரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். குரல் மறுபடி பக்கத்து ஃபிளாட்டுக்குப் போய்விட்டது. சில நாள் டிவியையே அணைத்துவிடுகிறார்கள்.

உன் 13ஆம் தேதிக் கடிதத்தை அன்று எனக்குப் படிக்க முடியவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் படித்தேன். கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. உன்னைக் கூப்பிட்டு இரண்டு அறை விட வேண்டும் போல இருந்தது. டாக்டரிடம் சொன்னேன், "நல்ல அறிகுறி, அண்ணன் தம்பிக்கு அது சகஜம்" என்றார்.

கோபம் அடங்கின பிறகு ஒன்று யோசித்தேன். இதை நான் அம்மாவிடமும் சரிபார்த்துவிட்டேன், இரண்டு சாட்சி உண்டு, சேர்த்துச் சொல்லவில்லை.

அப்பா உயிரோடு இருந்தபோது வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்பது ஒரே கேள்வி: "எங்கல நம்ம டிரான்சிஸ்டர்?" டிரான்சிஸ்டர் நீதான். ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பாய், அணைக்க பட்டன் இல்லை என்பார். நீ தூங்கியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எழுப்பித் தொலைப்பார். நீ அழுவாய், அம்மா திட்டுவாள், அவர் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடுவார். எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா? வீட்டுப்பாட நோட்டோடு நான் பக்கத்தில் நிற்பேன், திரும்பிப் பார்க்க மாட்டார்.

எனக்குள் கேட்ட குரல் ஐந்து மாசத்தில் துண்டைக் கேட்டது, பூட்டைக் கேட்டது, உன்னைக் கேட்கவே இல்லை. உன்னைக் கேட்காத அப்பா ஒருவர் இருக்கவே முடியாது. அது அப்பா இல்லை என்பதற்கு டாக்டர் சொன்ன எதையும்விட எனக்குப் போதுமான அத்தாட்சி இதுதான்.

அவர் குரல் எங்கேயும் இல்லை என்று எழுதினாய் அல்லவா. கொஞ்சம் கரகரப்பு. கடைசி எழுத்தை இழுப்பார். "டிரான்சிஸ்டரூ..." என்று.

அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். சிங்கத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

கோகுல்


பாணேர்,
13 ஆகஸ்ட்

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். டிரான்சிஸ்டர் வரும் இடத்தில் என் பேட்டரி தீர்ந்துவிட்டது. மீதியை அவள் படித்தாள்.

நீ வீட்டுக்கு வந்தால் எப்படியும் எல்லாம் வெளியே வரும். அதற்கு முன் சில திருத்தங்கள்.

சிங்கம் பற்றி: அன்று அம்மாவிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் கடிதத்தையும் என் வாக்குமூலத்தையும் ஃபிரிட்ஜ் காந்தத்தில் மாட்டிவிட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா கதவைத் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "வெளிய வா கண்ணா, உன்னையும் நான் சரியாப் பாக்கல" என்றாள். டாக்டர் அறையில் இந்தியில் தடுமாறாமல் பேசினவள் அம்மா. நான் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். டாக்டர் கொடுத்த டிஷ்யூ பெட்டி காலி. கேட்டுப்பார்.

91 பற்றி: அம்மா "நல்லது" என்று மட்டும் சொல்லவில்லை. கேசரி கிண்டினாள். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதினது அடுப்பில் கேசரி இருந்தபோது. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். உனக்கு எழுதும்போது கேசரி மறந்துவிட்டது.

கட்டில் பற்றி: ஜெர்சியைக் கட்டினது நிஜம். அதில் படுக்கப் போனேன், அதுவும் நிஜம். உன் போர்வையை நீ மடித்து வைத்துவிட்டுப் போன மாதிரியே இருந்தது, நாலு மூலையும் சேர்த்து. அதைக் கலைக்க முடியவில்லை. திரும்பி என் கட்டிலுக்கே வந்துவிட்டேன். ஒரு நாள்கூட அங்கே படுக்கவில்லை. மழை வந்தபோது இடது மூலை ஒழுகினது, உன் தலையணையை மட்டும் மாற்றி வைத்தேன்.

அந்த விழாவுக்குப் புறாவும் வரவில்லை.

உன்,
டிரான்சிஸ்டர்